வரப்பெலியைக் கிட்டி வைத்து ஒழிக்கும் முறை

நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் நோய்களையும் விவசாயப் பெருமக்கள் நன்கு அறிவார்கள். குருத்து காய்ந்தால் தண்டுத் துளைப்பான் என்றும், பயிர் வட்ட வட்டமாகப் புகைந்தால் புகையான் என்றும் உடனே சொல்லிவிடுவார்கள். மருந்துக்கும் ஏற்பாடு செய்வார்கள். ஆனால் எலி விஷயத்தில் மட்டும் "எங்கும் இருப்பதுதானே" என்று விட்டுவிடுவதைப் பல ஊர்களில் காணலாம். கதிர் வந்த பிறகு வயலின் நடுவே சொட்டை சொட்டையாகப் பயிர் சாய்ந்து கிடப்பதைப் பார்த்த பின்புதான் கவலை பிறக்கிறது. அப்போது செய்யக்கூடியது மிகவும் குறைவு.

எலியால் ஏற்படும் இழப்பை ஒரு சிறு கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். ஒரு நல்ல கதிரில் ஏறத்தாழ இரண்டரை கிராம் நெல் இருக்கும். ஓர் எலி ஓர் இரவில் 20 தூர்களை வெட்டுவதாக வைத்துக் கொள்வோம். ஓர் இரவுக்கு 50 கிராம். இரண்டு மாதத்தில் 3 கிலோ. ஓர் ஏக்கரில் இப்படி 20 எலிகள் இருந்தால் 60 கிலோ, அதாவது ஒரு மூட்டை நெல் போய்விடுகிறது. இது எலிகள் பெருகாமல் அதே எண்ணிக்கையில் இருந்தால் வரும் கணக்கு. எலி அப்படிப் பெருகாமல் இருப்பதில்லை. குத்தகை நெல்லும் கூட்டுறவுக் கடனும் கொடுத்தது போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்பது சிறிய இழப்பு அன்று.

காவிரிப் பாசனப் பகுதியில் எலியைப் பிடிக்க மூங்கிலால் செய்த கிட்டியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். தஞ்சாவூர் கிட்டி என்று பிற மாவட்டங்களிலும் பெயர் பெற்ற இந்தப் பொறி செலவு குறைந்தது, நஞ்சில்லாதது, முறையாக வைத்தால் நல்ல பலன் தருவது. அதை எப்போது, எங்கே, எப்படி வைக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காணலாம்.

எந்த எலி என்று அறிதல்

நெல் வயலில் காணப்படும் எலிகளுள் முக்கியமானவை மூன்று. முதலாவது கரம்பை எலி. வரப்பெலி, அகழெலி என்றும் இதைச் சொல்வார்கள். உடல் பருத்து, மூஞ்சி குட்டையாக, மயிர் முரடாக இருக்கும். பிடிபட்டால் சீறும். வரப்பைக் குடைந்து மண்ணைக் குவியல் குவியலாக வெளியே தள்ளுவது இதுதான். இரண்டாவது புல் எலி. இது சிறியது, மயிர் மென்மையாக இருக்கும், எளிய வளை அமைத்தும், வெடிப்புகளிலும் புல் புதரிலும் ஒதுங்கியும் வாழும். மூன்றாவது வயல் சுண்டெலி. இது மிகச் சிறியது. வரப்பில் விரல் நுழையும் அளவுள்ள துளைகளில் இருக்கும். மேட்டுப்பாங்கான மணற்சாரி நிலங்களில் வெள்ளெலியும் உண்டு.

இவற்றுள் அதிகச் சேதம் செய்வது கரம்பை எலியே. இது தின்பதைவிட வெட்டி எறிவதும், வளைக்குள் சேர்த்து வைப்பதும் அதிகம். அறுவடைக் காலத்தில் இதன் வளையை வெட்டிப் பார்த்தால் உள்ளே தனி அறையில் கதிர்களை அடுக்கி வைத்திருப்பதைக் காணலாம். பயிரை வெட்டுவதோடு வரப்பையும் ஓட்டையாக்குவதால், இரவோடு இரவாகத் தண்ணீர் அடுத்த வயலுக்கோ வாய்க்காலுக்கோ வடிந்துவிடுகிறது. அன்று மாலை மேலுரம் இட்டிருந்தால் உரமும் தண்ணீரோடு போய்விடும்.

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்ற பழமொழி கரம்பை எலிக்கு அப்படியே பொருந்தும். வளர்ந்த எலி பெரும்பாலும் வளைக்கு ஒன்றாகவே இருக்கும். தாய் எலியோடு மட்டும் குட்டிகள் சிறிது காலம் இருக்கும். ஆகவே உயிருள்ள வளைகளை எண்ணினால் வயலில் உள்ள கரம்பை எலிகளின் எண்ணிக்கையை ஓரளவு சரியாக மதிப்பிட்டு விடலாம். எத்தனை கிட்டி வேண்டும் என்பதும் இதிலிருந்து தெரிந்துவிடும்.

சேதத்தின் அடையாளம்

எலி வெட்டிய தூர் தரையிலிருந்து சிறிது உயரத்தில் கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். வெட்டிய துண்டுகள் அங்கேயே சிதறிக் கிடக்கும். வயலின் ஓரத்தில் உள்ள சில வரிசைகளை விட்டுவிட்டு உட்புறத்தில் வெட்டுவதே எலியின் வழக்கம். வரப்பில் நின்று பார்ப்பவருக்குப் பயிர் முழுமையாக இருப்பது போலவே தோன்றும். எனவே நடவு முடிந்த மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு முறையாவது வயலுக்குள் இறங்கிக் குறுக்காக நடந்து பார்க்க வேண்டும்.

தூர் கட்டும் பருவத்தில் வெட்டுப்பட்ட குத்து மீண்டும் தழைத்து ஓரளவு ஈடு செய்துவிடும். பொதிப் பருவத்திலும் அதற்குப் பின்னும் வெட்டுப்பட்ட தூர் மீண்டு கதிர் தருவதில்லை. அந்தத் தூரை இழந்தது இழந்ததுதான்.

உயிருள்ள வளையைக் கண்டறிதல்

வரப்பில் தெரியும் எல்லா வளையிலும் எலி இருப்பதில்லை. பழைய வளையின் முன்னால் கிட்டி வைத்துக் காத்திருப்பது வீண் வேலை. உயிருள்ள வளையைக் கண்டறிய எளிய வழி இருக்கிறது.

புல் எலி, சுண்டெலி ஆகியவற்றின் துளைகளை மாலையில் சேற்றால் மூடிவிட வேண்டும். மறுநாள் காலையில் எந்தத் துளை திறந்திருக்கிறதோ அதில் எலி இருக்கிறது. கரம்பை எலிக்கு இதற்கு நேர்மாறான சோதனை செய்ய வேண்டும். அது தன் வளையின் வாயைத் தானே மண்ணால் அடைத்துக் கொள்ளும் வழக்கம் உடையது. எனவே ஈரம் காயாத புது மண் குவியலைத் தேடி, அதன் அடைப்பை மாலையில் மண்வெட்டியால் நீக்கித் திறந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அது மீண்டும் அடைபட்டிருந்தால் உள்ளே எலி இருப்பது உறுதி.

இவ்வாறு கண்ட ஒவ்வொரு வளையின் பக்கத்திலும் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்து, மொத்தக் கணக்கை எழுதிக் கொள்ள வேண்டும். கிட்டி வைத்து முடித்த பிறகு இதே சோதனையை மறுபடி செய்தால் எத்தனை எலி ஒழிந்தது, எத்தனை மீதி என்பது தெரிந்துவிடும். "பத்து எலி பிடித்தோம்" என்பதைவிட "பன்னிரண்டு வளையில் இரண்டுதான் மீதி" என்பதே விவசாயிக்கு உதவும் கணக்கு.

எப்போது பிடிக்க வேண்டும்?

எலி ஒழிப்பில் வெற்றியும் தோல்வியும் காலத்தைப் பொறுத்தவை. கரம்பை எலியின் கருக்காலம் மூன்று வாரத்திற்குச் சற்று அதிகம். ஓர் ஈற்றுக்கு ஆறு, ஏழு குட்டிகள் சாதாரணமாகப் பிறக்கும். அதற்கு மேலும் உண்டு. பயிர் பொதி தள்ளிக் கதிர் வரும் காலத்தில் உணவு மிகுவதால் எலியும் அதிகமாக இனப்பெருக்கம் செய்கிறது. தூர் கட்டும் பருவத்தில் ஒரு பெண் எலியைப் பிடித்தால், அறுவடைக்குள் அது ஈனவிருந்த இரண்டு ஈற்றுக் குட்டிகளையும் சேர்த்துப் பிடித்ததாகும். கதிர் முற்றிய பின் பிடித்தால் ஒன்றைத்தான் பிடித்தோம். குட்டிகள் ஏற்கெனவே வயலில் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பால் பிடித்த கதிர் வயல் முழுதும் நிற்கும்போது, கிட்டியில் வைத்த இரையை எலி எளிதில் நாடாது. ஆகவே பொறி வைக்கத் தகுந்த காலங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கோடைக்காலம். அறுவடை முடிந்து வயல் காலியாகக் கிடக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் எலிகளுக்கு உணவு குறைவு. அவை பெரிய வரப்புகளிலும், வாய்க்கால் கரைகளிலும், வைக்கோற்போர் அடியிலும், தென்னந்தோப்பு ஓரங்களிலும் ஒதுங்கியிருக்கும். எண்ணிக்கையும் அப்போது குறைவு. மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கு முன் செய்யும் எலி ஒழிப்புக்கு இணையானது வேறில்லை.

இரண்டாவது, நாற்றங்கால் விடும் காலம். முளை கட்டிய விதையை எலி தின்னும். நேரடி விதைப்புச் செய்த வயலிலும் இப்பருவத்தில் கவனம் வேண்டும்.

மூன்றாவது, நடவு முடிந்து 20 நாளிலிருந்து பொதி தள்ளும் வரை உள்ள காலம். சம்பா, தாளடிப் பயிரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் நிறையும்போது எலிகள் உயரமான வரப்புகளில் வந்து சேரும். மழை விட்ட இரவுகளில் அந்த மேட்டு வரப்புகளில் கிட்டி வைத்தால் நிறையப் பிடிபடும்.

கிட்டியின் அமைப்பு

கிட்டியின் அமைப்பு ஊருக்கு ஊர் சற்று வேறுபடும். ஆனால் அடிப்படை ஒன்றே. முற்றிய மூங்கிலைப் பிளந்து செய்த வில், அதை வளைத்துப் பிடிக்கும் நாண், இரையைத் தாங்கி நிற்கும் சிறிய விசைக் குச்சி, சேற்றில் ஊன்றுவதற்கான கால் ஆகியவை இதன் பகுதிகள். இரைக்காகத் தலையை நீட்டும் எலி விசைக் குச்சியை அசைத்தவுடன், வளைந்திருந்த வில் நிமிர்ந்து எலியின் கழுத்தை இறுக்கிவிடும்.

கிட்டி நன்றாக வேலை செய்ய மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வில்லுக்கு முற்றிய மூங்கிலே தேவை. இளம் மூங்கில் இரண்டு நாளில் வளைந்தபடியே நின்று விசை இழந்துவிடும். நாண் ஈரத்தில் தளராததாக இருக்க வேண்டும். நைலான் கயிறு நனைந்தாலும் கெடாது. விசைக் குச்சி மிக இறுக்கமாக இருந்தால் எலி இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும். மிகத் தளர்வாக இருந்தால் காற்றிலேயே விடுபடும். மாலையில் வயலுக்குப் போகுமுன் ஒவ்வொரு கிட்டியையும் ஒரு குச்சியால் தொட்டுச் சோதித்துப் பார்ப்பது நல்லது. விரலால் சோதிக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் வில்லைத் தளர்த்தி, சேற்றைக் கழுவி, நிழலில் உலர்த்திப் பரணில் வைத்தால் ஒரே கிட்டியைப் பல பட்டத்திற்குப் பயன்படுத்தலாம்.

இரை

வயலில் கிடைக்காத மணமுள்ள உணவே சிறந்த இரை. வறுத்த அரிசி, நெற்பொரி, சோற்று உருண்டை, கருவாட்டுத் துண்டு, தேங்காய்ச் சில்லு ஆகியவை ஏற்றவை. வறுத்த அரிசி மாவுடன் சிறிது நல்லெண்ணெய் சேர்த்துப் பிசைந்து உருட்டினால் ஈரத்தில் எளிதில் கரையாது. மணமும் தூக்கலாக இருக்கும். கதிர் முற்றிய வயலில் நெல்லையோ அரிசியையோ இரையாக வைப்பதில் பயனில்லை. அப்போது கருவாடும் தேங்காயும் மேல்.

எந்த இரை எடுபடும் என்பதை முன்கூட்டியே சோதித்துக் கொள்ளலாம். வளைக்கு அருகே தேங்காய்ச் சிரட்டைகளில் மூன்று வகை இரைகளைத் தனித்தனியாக ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும். எது காலியாகிறதோ அதையே கிட்டியில் வைக்கலாம். இரையை நாள்தோறும் புதிதாக மாற்ற வேண்டும். பூசணம் பிடித்த இரையை எலி தொடாது.

வைக்கும் இடமும் எண்ணிக்கையும்

எலிக்குக் கண்பார்வையைவிட மோப்பமும் மீசை உணர்வும் அதிகம். அது திறந்த வெளியில் திரியாமல், வரப்பின் அடியோரமாக ஒரே தடத்தில் மீண்டும் மீண்டும் ஓடும். அந்தத் தடம் புல் மழுங்கி வழவழப்பாக இருக்கும். சேற்றில் கால் சுவடும் வால் இழுத்த கோடும் தெரியும். எச்சமும் கிடக்கும். கிட்டியை அந்தத் தடத்திலேயே ஊன்ற வேண்டும். தடத்திலிருந்து இரண்டடி தள்ளி வைத்த கிட்டியை எலி கண்டுகொள்ளாமலே போய்விடும்.

வளை வாயிலிருந்து ஓரிரு அடி தள்ளி, எலி வயலுக்குள் இறங்கும் பக்கத்தில் ஒரு கிட்டியும், புதிதாக வெட்டுப்பட்ட பயிருக்கு அருகில் ஒரு கிட்டியும் வைக்கலாம். வயலில் தண்ணீர் நின்றால், இரை தண்ணீர் மட்டத்திற்குச் சற்று மேலே இருக்குமாறு ஊன்ற வேண்டும். கால் ஆட்டம் காணாமல் சேற்றில் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்கிய எலி கிட்டியையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஏக்கருக்கு 40 கிட்டி வரை வைக்கலாம். இத்தனை கிட்டி இல்லாதவர்கள் ஒரு வயலை முடித்துக்கொண்டு அடுத்த வயலுக்குச் செல்லலாம். ஐந்து கிட்டியை ஒரு மாதம் வைப்பதைவிட, நாற்பது கிட்டியை நான்கு இரவு வைப்பதே மேல். எலிக்குப் பழக்கமில்லாத பொருளைக் கண்டு ஒதுங்கும் குணம் உண்டு. கிட்டியில் அடிபட்டுத் தப்பிய எலி மறுபடி அதன் அருகில் எளிதில் வராது. ஆகவே எலி விழித்துக்கொள்ளும் முன் வேலையை முடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று இரவு எதுவும் விழாத கிட்டியை அடுத்த தடத்துக்கு மாற்ற வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் கிட்டி வைத்து, பொழுது விடியும்போதே போய் எடுத்துவிட வேண்டும். பகலில் கிட்டியை விசையோடு விட்டால் பறவைகளும் ஓணான்களும் சிக்கும். ஆடு மேய்க்கும் சிறுவர்கள் கையை வைத்துவிடவும் கூடும். எத்தனை கிட்டி வைத்தோம் என்பதை எண்ணி வைத்து, காலையில் அத்தனையும் எண்ணி எடுக்க வேண்டும். சில சமயம் எலி உயிரோடு சிக்கித் துடித்துக் கொண்டிருக்கும். அதைத் தலையில் ஒரே அடியாக அடித்து முடித்துவிட வேண்டும். வெயிலில் தவிக்க விடலாகாது.

கிட்டிக்காரரிடம் ஒப்படைக்கும்போது

பல ஊர்களில் கிட்டி வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். வட மாவட்டங்களில் இருளர் மக்கள் வளையின் போக்கை மண்ணைப் பார்த்தே அறிந்து வெட்டிப் பிடிப்பதில் வல்லவர்கள். இவர்களது தேர்ச்சி எளிதில் கைவராதது. அதற்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதே விவசாயிக்கு லாபம்.

பொதுவாக எலி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். எலி மிகுந்திருக்கும்போது இது சரியான முறை. ஆனால் எலி குறைந்த பிறகு, ஒரு கிட்டிக்கு ஒன்றும் விழாத வயலில் இரவைக் கழிப்பது கிட்டிக்காரருக்குக் கட்டுப்படியாகாது. அவர் எலி மிகுந்த அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மிஞ்சிய நாலைந்து எலிகள் பொதிப் பருவத்தில் ஈன்று பழைய எண்ணிக்கைக்கே கொண்டு வந்துவிடும். ஆகவே முதல் சுற்றுக்கு எலிக் கணக்கிலும், மீதியை ஒழிக்கும் இரண்டாவது சுற்றுக்கு இரவுக் கணக்கிலும் கூலி பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயமானது. உயிருள்ள வளைகளின் கணக்கை இருவரும் சேர்ந்தே எடுத்தால் பிறகு வாதத்திற்கு இடமிருக்காது.

வளைக்குள் புகை செலுத்துவதற்கு, ஓட்டையிட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி வாயால் ஊதும் முறை உண்டு. இதில் சூடும் புகையும் ஊதுபவரின் முகத்தையும் நெஞ்சையும் பாதிக்கின்றன. கையால் சுற்றும் விசிறி பொருத்திய புகைமூட்டி கிடைத்தால் அதைப் பயன்படுத்துவதே நல்லது.

மற்றப் பொறிகள்

இரும்புக் கம்பியில் செய்த அடிப்பொறியும், கூண்டுப் பொறியும் களத்துமேட்டுக்கும் நெல் சேமிக்கும் இடத்துக்கும் ஏற்றவை. இவற்றை முதல் இரண்டு மூன்று நாள் விசை வைக்காமல் இரையோடு மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு விசை வைத்தால் ஒரே இரவில் பல பிடிபடும். அடிப்பொறியை நடைபாதைக்குக் குறுக்காக, இரை உள்ள முனை சுவரையோ வரப்பையோ ஒட்டியிருக்குமாறு வைக்க வேண்டும்.

செலவே இல்லாதது பானைப் பொறி. வாய் குறுகிய மண்பானையை வரப்போரத்தில் வாய் தரை மட்டத்தில் இருக்குமாறு புதைத்து, பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே உமியும் சிறிது பொரியும் தூவிவிட்டால் எலியும் சுண்டெலியும் விழும். பகலில் பானையை மூடி வைக்க மறக்கக் கூடாது.

ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை

ஒருவர் மட்டும் தன் வயலில் எலியை ஒழித்தால், சில நாளிலேயே பக்கத்து வயல் எலி அந்தக் காலி வளைக்குக் குடிவந்துவிடும். எலிக்கு வரப்பின் இரு பக்கமும் ஒன்றுதான். பட்டா யாருடையது என்று அது பார்ப்பதில்லை. ஒரு மதகின் கீழ்ப் பாசனம் பெறும் வயல்கள் எல்லாவற்றிலும் ஒரே வாரத்தில் கிட்டி வைத்தால்தான் பலன் நிலைக்கும். பொது வாய்க்கால் கரை, கோயில் நிலம், தரிசு, தோப்பு ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. பத்துப் பேர் சேர்ந்து கிட்டிகளைப் பொதுவில் வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தினால் தலைக்கு ஆகும் செலவு சிறிதே.

ஒரே பகுதியில் முன்பின்னாக நடவு செய்வதும் எலிக்கு வசதியாகிறது. ஒரு வயலில் கதிர் தீர்ந்ததும் அடுத்த வயலில் கதிர் தயாராக இருந்தால் அதன் இனப்பெருக்கம் நிற்பதே இல்லை. கூடிய வரை பக்கத்து வயல்களில் இரண்டு வார இடைவெளிக்குள் நடவை முடிப்பது நல்லது.

வரப்பும் இயற்கை நண்பர்களும்

அகலமான உயர்ந்த வரப்பில்தான் கரம்பை எலி வளை அமைக்க முடியும். வரப்பின் அகலம் 45 செ.மீ., உயரம் 30 செ.மீ. என்ற அளவுக்குள் இருந்தால் அதற்கு இடம் போதாது. கோடையில் வரப்பைச் செதுக்கி, பழைய வளைகளை வெட்டி, புல்லை நீக்கிவிட வேண்டும். வைக்கோற்போரை வயலோரத்தில் விட்டு வைக்கக் கூடாது.

கூகையும் ஆந்தையும் இரவு முழுதும் எலியை வேட்டையாடுகின்றன. நடவு முடிந்ததும் ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் தென்னை மட்டையைத் தலைகீழாகவோ, குறுக்குச் சட்டம் அடித்த மூங்கிலையோ நட்டு வைத்தால் அவை வந்து அமரும். பால் பிடிக்கும் பருவத்தில் நெல் தின்னும் பறவைகள் உட்காராமலிருக்க அவற்றை எடுத்துவிடலாம். கூகை அலறினால் தீமை என்று அதை விரட்டுவது தன் காவலாளியையே விரட்டுவது போலாகும். சாரைப்பாம்பு வளைக்குள்ளேயே புகுந்து எலியைப் பிடிக்கக்கூடியது, அதற்கு நஞ்சில்லை. இவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினங்களும் ஆகும்.

நஞ்சும் மின்வேலியும்

எலி மிக அதிகமாகி, பொறியால் மட்டும் கட்டுப்படாத நிலையில் நஞ்சுணவு வைக்க வேண்டி வரலாம். அப்போது உதவி வேளாண்மை அலுவலரிடம் அளவையும் முறையையும் கேட்டே செய்ய வேண்டும். துத்தநாக பாஸ்பைடு நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நஞ்சுணவை வளைக்குள் வைத்து மூட வேண்டுமேயன்றி வரப்பில் தூவக் கூடாது. அறுவடை வயலில் மேயும் வாத்துகளும், கோழிகளும், நாயும் அதைத் தின்று மாண்டுபோகும். நஞ்சைச் சமையற்கட்டிலோ குழந்தைகளுக்கு எட்டும் இடத்திலோ ஒரு நாளும் வைக்கலாகாது. கிட்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

எலிக்காக வயலைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இரவில் தண்ணீர் கட்டப் போனவரும், பக்கத்து வயல்காரரும், கம்பியைக் கட்டியவரே கூட இதனால் உயிரிழந்த செய்திகள் பல முறை வந்துள்ளன. ஈர வயலில் மின்சாரம் ஆளைத் தப்ப விடாது. இது சட்டப்படியும் குற்றம். வழக்கும் சிறையும் வரும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. ஒரு மூட்டை நெல்லைக் காக்க ஓர் உயிரைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

உடல்நலப் பாதுகாப்பு

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். கை, கால்களில் உள்ள சிறு வெட்டுக் காயம் வழியாக அது உடலில் புகும். ஆகவே செத்த எலியை வெறுங்கையால் தொடக்கூடாது. ரப்பர் உறையோ, அது இல்லாவிட்டால் தடித்த பாலிதீன் பையோ கையில் மாட்டிக்கொண்டு, எலிகளைச் சேர்த்து இரண்டடி ஆழக் குழியில் புதைக்க வேண்டும். வாய்க்காலில் எறியக் கூடாது. வேலை முடிந்ததும் கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காலில் புண் இருப்பவர் அது ஆறும் வரை இந்த வேலையைப் பிறரிடம் விடலாம்.

கிட்டி வைத்த சில நாள் முதல் சில வாரத்திற்குள் கடும் காய்ச்சலும், தலைவலியும், கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலியும், கண் சிவப்பும் கண்டால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். வயலில் எலி பிடித்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகக்கூடிய நோய் இது. கவனியாமல் விட்டால் மஞ்சள் காமாலை கண்டு, சிறுநீரகமும் கெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எலி கடித்துவிட்டாலும் காயத்தைச் சோப்பால் நன்கு கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பத்து நாள் வேலைத் திட்டம்

முதல் நாள்: வயல், வரப்பு, வாய்க்கால் கரை முழுதும் நடந்து பார்த்து, மாலையில் துளைகளை மூடுவதும் கரம்பை எலி வளையைத் திறந்துவிடுவதும்.

இரண்டாம் நாள்: காலையில் உயிருள்ள வளைகளை எண்ணிக் குச்சி நடுதல். மாலையில் மூன்று வகை இரைகளைச் சிரட்டையில் வைத்துச் சோதித்தல்.

மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை: எடுபட்ட இரையோடு தொடர்ந்து நான்கு இரவு கிட்டி வைத்தல். நாள்தோறும் விடியற்காலையில் எடுத்து, பிடிபட்டவற்றை எண்ணிப் புதைத்தல்.

ஏழாம் நாள்: வளைச் சோதனையை மீண்டும் செய்தல்.

எட்டாம், ஒன்பதாம் நாள்: மீதியுள்ள வளைகளுக்கு மட்டும் இடத்தையும் இரையையும் மாற்றிக் கிட்டி வைத்தல்.

பத்தாம் நாள்: காலியான வளைகளை வெட்டிச் சேற்றால் இறுக அடைத்தல். அதன் பிறகு பொதி தள்ளும் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை சுற்றிப் பார்த்தால் போதும். புது மண் குவியல் தென்பட்டால் அன்று மாலையே கிட்டி வைத்துவிட வேண்டும்.

நெல் அறுவடைக்குப் பின் உளுந்து, பச்சைப் பயறு விதைக்கும் விவசாயிகள் அந்தப் பயிர் காய் பிடிக்கும் முன் இதே வேலையை ஒரு முறை செய்ய வேண்டும். நெல்லில் மிஞ்சிய எலி பயற்றில்தான் வயிறு வளர்க்கும்.

எலியை அடியோடு இல்லாமல் செய்துவிட முடியாது. ஆனால் காலமறிந்து கிட்டி வைத்தால், சேதம் தெரியாத அளவுக்கு அதைக் குறைத்து வைக்க முடியும். கோடையில் நான்கு இரவும், தூர் கட்டும் பருவத்தில் நான்கு இரவும் ஒதுக்கினால் அறுவடையின்போது அந்த உழைப்பு நெல்லாகவே திரும்பி வரும். உழவர்கள் பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, வரும் பட்டத்திற்கு முன்பே கிட்டிகளைப் பழுது பார்த்துத் தயாராக வைத்துக் கொள்வது நலம்.